முட்டு வலிக்கு துளை ஆபரேஷனா, திறந்து செய்யும் ஆபரேஷனா? குமரி மாவட்டக் குடும்பங்கள் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முந்திரி ஆலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள், ரப்பர் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள், வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயலில் குனிந்து நிமிர்ந்தவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இவர்கள் எல்லோருக்கும் ஒரு வயதுக்குப் பிறகு பொதுவாக வரும் புகார் முட்டு வலி.

வலி முற்றினால் குழப்பமும் சேர்ந்து வருகிறது. "சின்ன துளை போட்டா போதும், மறுநாளே நடக்கலாம்" என்பார் ஒருவர். "முழங்கால் மூட்டையே மாத்தணும்" என்பார் இன்னொருவர். "ஆபரேஷனே வேண்டாம், எண்ணெய் போட்டுத் தடவினா சரியாயிடும்" என்று ஊரில் சொல்வார்கள். நாகர்கோவிலில் ஒரு பதில், திருவனந்தபுரத்தில் ஒரு பதில், பக்கத்து வீட்டில் ஒரு பதில்.

இதில் எதை நம்புவது? துளை ஆபரேஷன் புதுசு, அதனால் நல்லது. திறந்து செய்வது பழசு, அதனால் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகள் சொல்வது வேறு. வெட்டு எவ்வளவு பெரிசு என்பதைவிட, மூட்டுக்குள் என்ன கோளாறு என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்கிறது.

சுருக்கமாக

• இளம் வயதில் அடிபட்டு ஜவ்வு கிழிந்தால், ஆபரேஷன் தேவைப்படும்போது பெரும்பாலும் துளை முறைதான் ஏற்றது.
• வயதாகித் தேய்ந்த முழங்காலைத் துளை போட்டுக் கழுவுவதால் பலன் இல்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன.
• மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைத் திறந்துதான் செய்ய முடியும். ரோபோ வந்தாலும் அப்படித்தான்.
• முதியவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால், எந்த முறை என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம்.

இரண்டு முறைகளிலும் என்ன செய்கிறார்கள்?

துளை முறைக்கு ஆர்த்ரோஸ்கோபி என்று பெயர். முழங்காலைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள் போடுவார்கள். ஒன்றின் வழியாக பென்சிலைவிட மெல்லிய குழாய் உள்ளே போகும். அதன் முனையில் தெரிவதைக் கேமரா டிவி திரையில் காட்டும். மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி இடத்தை விரித்துக்கொண்டு, மற்றொரு துளை வழியாக நுண்கருவிகளை நுழைத்து வெட்டவோ தைக்கவோ செய்வார்கள்.

தசையை அதிகம் அறுக்க வேண்டியதில்லை. ரத்த இழப்பு குறைவு, தழும்பு சிறிது, கிருமித்தொற்று அபாயமும் குறைவு. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள். இந்த நன்மைகள் எல்லாம் உண்மையானவைதான்.

திறந்து செய்யும் முறையில் தோலையும் தசையையும் விலக்கி, மூட்டை நேரடியாகக் கண்ணால் பார்த்துச் செய்வார்கள். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை என்றால் முன்பக்கம் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வெட்டு இருக்கும். சில நாட்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும். வலியும் கூடுதல். ஆனால் எலும்பைச் செதுக்க, உலோக மூட்டைப் பொருத்த, வளைந்த காலை நேராக்க இந்த இடம் தேவை.

ஒன்று பழசு, ஒன்று புதுசா?

இல்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

1918-ல் டோக்கியோவைச் சேர்ந்த கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்தார். அவருடைய சீடர் மசாகி வதனாபே கருவியை மேம்படுத்தி, 1962-ல் கிழிந்த முழங்கால் சவ்வின் ஒரு பகுதியை துளை வழியாகவே வெட்டி எடுத்தார். இந்த வகையில் அதுதான் முதல் அறுவை சிகிச்சை.

அதே 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தும் கெட்டியான பாலிஎத்திலீன் கிண்ணமும் சேர்ந்த இடுப்பு மூட்டைப் பொருத்தினார். இன்று உலகம் முழுக்க நடக்கும் மூட்டு மாற்று சிகிச்சைக்கு அதுதான் அடித்தளம்.

ஆக, ஒன்றின் இடத்தைப் பிடிக்க மற்றொன்று வரவில்லை. துளை முறை கிழிந்ததைச் சரிசெய்யப் பிறந்தது. திறந்த முறை தேய்ந்ததை மாற்ற வளர்ந்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

துளை முறை ஜெயிக்கும் இடம் எது?

குமரியின் மேற்குக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கம் கால்பந்து ஒரு விளையாட்டு மட்டும் இல்லை, ஊரின் அடையாளம். அங்கிருந்து ஐ.எஸ்.எல். வரை போனவர் மைக்கேல் சூசைராஜ். 2020 நவம்பரில் ஏ.டி.கே. மோகன் பகான் அணிக்காக சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கிய அவர், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான அந்தப் போட்டியின் தொடக்கத்திலேயே முழங்காலில் காயமடைந்து வெளியேறினார். அந்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை.

மைதானத்தில் ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்பும்போது முழங்காலில் நடக்கும் பெரிய விபத்துகளில் ஒன்று ஏ.சி.எல். எனப்படும் முன்புறத் தசைநார் அறுந்துபோவது. பேச்சு வழக்கில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்பார்கள். பைக்கில் இருந்து விழுபவர்களுக்கும் இது நடக்கும்.

அறுந்த தசைநாருக்குப் பதிலாக தொடையின் பின்புறத்திலோ முழங்கால் சில்லுக்குக் கீழேயோ இருந்து ஒரு நார்த் துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். இதற்கு ஆர்த்ரோஸ்கோபிதான் இன்று வழக்கமான முறை. நார்த் துண்டு எடுக்க மட்டும் சில சென்டிமீட்டர் வெட்டு தேவைப்படும்.

கீழ்க்கண்ட பிரச்சினைகளிலும் துளை முறைக்கே முன்னுரிமை:

• கிழிந்த சவ்வு நடுவில் மாட்டிக்கொண்டு, முழங்காலை நீட்டவே முடியாமல் 'லாக்' ஆவது.
• எலும்புத் துணுக்கு மூட்டுக்குள் உதிர்ந்து அலைவது.
• இளைஞர்களுக்குத் தோள்பட்டை அடிக்கடி கழன்று விழுவது, எலும்பு அதிகம் தேயாமல் இருக்கும்வரை.

ஆனால் இங்கேயும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஏ.சி.எல். கிழிந்த எல்லோருக்கும் உடனே ஆபரேஷன் தேவையில்லை. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு சீக்கிரமே ஆபரேஷன். மற்றொரு பிரிவுக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முழங்காலின் நிலையில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் 10-ல் 6 பேருக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் ஆபரேஷனே தேவைப்படவில்லை. கால் அடிக்கடி 'விட்டுப்போகிறது' என்றாலோ, மறுபடி கால்பந்து, கபடி ஆட வேண்டும் என்றாலோ கணக்கு மாறும்.

இரண்டாவது, துளை சின்னது என்பதால் குணமாகும் காலம் சின்னதாகிவிடாது. தோல் ஆற இரண்டு வாரம் போதும். உள்ளே வைத்த நார், தசைநாராக மாறிப் பலப்பட மாதங்கள் ஆகும். குறைந்தது 9 மாதமாவது கழித்துத்தான் மைதானத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஊர்த் திருவிழா டோர்னமென்ட் வருகிறது என்று நாலாவது மாதம் இறங்கினால், வைத்த நாரும் அறுந்துபோகும்.

துளை முறை தோற்கும் இடம் எது?

குமரி மாவட்டக் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான முட்டு வலிக்குக் காரணம் கிழிசல் இல்லை, தேய்மானம்.

'முழங்காலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, கழுவி சுத்தம் பண்ணிட்டா வலி போயிடும்' என்று சொல்லி உலகம் முழுவதும் ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோருக்கு ஆர்த்ரோஸ்கோபி செய்யப்பட்டது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர்கள் சோதித்தார்கள்.

தேய்மானம் உள்ள 180 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு உண்மையிலேயே சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் துளை போட்டுத் தைத்துவிட்டார்கள், உள்ளே எதுவும் செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கண்காணித்ததில், உண்மையான ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. இந்த முடிவு 2002-ல் வெளியாகி எலும்பு மருத்துவ உலகத்தையே உலுக்கியது.

2013-ல் பின்லாந்து மருத்துவர்கள், வயதால் சவ்வு கிழிந்த, ஆனால் தேய்மானம் இல்லாத 146 பேரிடம் இதே போல சோதித்தார்கள். கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும், வெட்டியதுபோல நடித்துவிட்டு விட்டவர்களுக்கும் ஓராண்டுக்குப் பிறகு வித்தியாசம் இல்லை. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேய்மானம் சார்ந்த முழங்கால் நோய்க்கு ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்று திட்டவட்டமாகவே பரிந்துரைத்தது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் சவ்வு கிழிந்திருப்பதாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் நகரில் 50 வயது தாண்டிய 991 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் சவ்வுக் கிழிசல் இருந்தது. அப்படிக் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை!

அதாவது, தலைமுடி நரைப்பது மாதிரி, வயதானால் சவ்வும் நைந்துபோகும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற வார்த்தை இருப்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 55 வயதுக்காரருக்கு முட்டு வலி என்றால், எம்.ஆர்.ஐ.க்கு முன்னால் நின்றபடி எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே பல நேரம் கூடுதல் தகவல் சொல்லும். உடல் எடை இறங்கும்போது எலும்புகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு குறைகிறது என்பது அதில்தான் தெரியும்.

எப்போது திறந்தே ஆக வேண்டும்?

குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும் கட்டத்தில், கால் வில்லாக வளைந்துபோகும். ராத்திரி தூக்கம் போகும். பக்கத்துக் கடைக்கு நடப்பதே பெரும்பாடாகும். இந்த நிலையில் துளைக்கு வேலை இல்லை. மாத்திரை, பயிற்சி, ஊசி எல்லாம் பார்த்தும் முடியாவிட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி.

அந்த மூட்டு எவ்வளவு நாள் உழைக்கும்? பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. இடுப்பு மூட்டில் இது சுமார் 58 சதவீதம். 65 வயதில் செய்துகொள்பவருக்கு ஒரே ஆபரேஷன் வாழ்நாளுக்கும் போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். 45 வயதில் அவசரப்பட்டால் இரண்டாவது முறை செய்ய வேண்டி வரலாம். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

'சின்ன வெட்டு' மூட்டு மாற்று என்றும் விளம்பரம் வருகிறது. வெட்டைச் சுருக்கி, தொடைத் தசையை அறுக்காமல் விலக்கிச் செய்யும் முறை அது. முதல் சில வாரங்களில் வலி கொஞ்சம் குறையலாம், சீக்கிரம் நடக்கலாம். சில மாதங்கள் போனால் வழக்கமான முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. இடம் குறுகலாக இருப்பதால் மூட்டு கோணலாகப் பொருந்தும் அபாயமும் உண்டு. மூட்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான் 20 வருஷம் கழித்துப் பேசும். தழும்பின் நீளம் இல்லை.

ரோபோ ஆபரேஷனும் துளை ஆபரேஷன் இல்லை. எலும்பைத் துல்லியமாக வெட்ட டாக்டருக்கு உதவும் கருவி அது. முழங்காலைத் திறந்துதான் அதிலும் செய்வார்கள்.

தோள்பட்டை அடிக்கடி கழன்று, எலும்பின் ஓரமே தேய்ந்துபோனவர்களுக்கும் திறந்து செய்யும் முறை பல நேரம் கைகொடுக்கிறது. வேறு இடத்து எலும்புத் துண்டை எடுத்து வைத்துத் திருகாணி போட வேண்டியிருப்பதே காரணம்.

இரண்டும் சமமாக இருக்கும் இடமும் உண்டா?

உண்டு. கையைத் தூக்க உதவும் தோள் தசைநார் கிழிந்தால், துளை வழியாகவும் தைக்கலாம், திறந்தும் தைக்கலாம். பிரிட்டனில் 273 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வலியிலும் கையின் செயல்பாட்டிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை.

இந்த மாதிரி இடங்களில் 'எந்த முறை' என்று கேட்பதைவிட, 'இந்த டாக்டருக்கு எந்த முறையில் கை பழகியிருக்கிறது' என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

'சின்ன ஆபரேஷன்' என்றால் ஆபத்தே இல்லையா?

2022 நவம்பரை தமிழ்நாடு மறந்திருக்காது. சென்னையைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு, ஜவ்வு கிழிந்ததற்காக பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோபி செய்யப்பட்டது. அதன் பிறகு போடப்பட்ட அழுத்தக் கட்டு இறுக்கமாக இருந்ததால் காலுக்கு ரத்த ஓட்டம் தடைபட்டது என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அப்போது தெரிவித்தார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, கால் அகற்றப்பட்டும், நவம்பர் 15-ம் தேதி அந்த மாணவி உயிரிழந்தார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

அந்த மரணத்தைப் பார்த்து ஆர்த்ரோஸ்கோபியே ஆபத்தானது என்று முடிவு கட்டுவது தவறு. தினமும் ஏராளமானோருக்கு அது பத்திரமாகவே நடக்கிறது. ஆனால் அந்தச் சம்பவத்தில் பிரச்சினை துளையில் தொடங்கவில்லை. பிறகு நடந்த கவனிப்பில் தொடங்கியது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, வார்டில் கழியும் முதல் இரவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

துளையோ, திறந்ததோ, ஆபரேஷன் முடிந்த பிறகு இவற்றில் ஒன்று தென்பட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே நர்ஸையோ டாக்டரையோ கூப்பிட வேண்டும்:

• மருந்துக்கும் அடங்காமல் வலி நேரமாக நேரமாகக் கூடுவது.
• கால் விரல்கள் மரத்துப்போவது, அசைக்க முடியாமல் போவது.
• விரல்கள் வெளிறியோ நீலமாகவோ மாறுவது, தொட்டால் ஜில்லென்று இருப்பது.
• கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல்.
• காய்ச்சல், காயத்தில் இருந்து நீரோ சீழோ வடிவது.

"ஆபரேஷன் பண்ணினா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சமாதானம் சொன்னாலும், கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

பாட்டி வழுக்கி விழுந்தால்?

குமரி மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன மண் இது. கை உளுக்கினால், முதுகு பிடித்தால் ஆசானிடம் போய்த் தடவுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். உளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் பலர் அதில் நிம்மதி காண்கிறார்கள்.

ஆனால் 60, 70 வயதைத் தாண்டிய ஒருவர் குளியலறையிலோ முற்றத்திலோ வழுக்கி விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால், அது உளுக்கு இல்லை. இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அங்கே தடவவோ இழுத்துக் கட்டவோ கூடாது. 108-ஐ அழைத்து, ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

பிரிட்டனின் வழிகாட்டுதல், இந்த முறிவுக்கு மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்யச் சொல்கிறது. படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்று, படுக்கைப் புண், ரத்தக் கட்டி என்று ஆபத்து கூடிக்கொண்டே போகும். 'வயசான காலத்துல ஆபரேஷன் எதுக்கு' என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவதுதான் பல நேரம் உயிருக்கே உலை வைக்கிறது.

முறிவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து முறையும் மாறும். பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதியில் முறிந்து விலகியிருந்தால், திறந்து செயற்கைப் பந்து வைப்பார்கள். அதற்கும் கீழே முறிந்திருந்தால், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே சின்ன வெட்டு வழியாக எலும்புக்குள் கம்பி செலுத்திவிடலாம். இது கேமரா துளை முறை இல்லை என்றாலும், சின்ன வெட்டில் முடியும் சிகிச்சைதான்.

செலவு எவ்வளவு? காப்பீட்டில் வருமா?

குமரியின் மேற்குப் பகுதியான விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான். நாகர்கோவிலில் இருந்தும் சுமார் 65 கிலோமீட்டர்தான். அதனால் 'பெரிய ஆபரேஷன்னா திருவனந்தபுரம்' என்று கிளம்பிவிடுவது வழக்கம். அதற்கு முன் உள்ளூரில் உள்ள வாய்ப்பையும் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமான வரம்பு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் இந்தத் திட்டத்தில் வருகிறது. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் இதைப் பயன்படுத்தலாம். எல்லை தாண்டிப் போகும் முன், அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுவது நல்லது. சேர்ந்த பிறகு கேட்டால் சிக்கல்.

பொருத்தப்படும் மூட்டின் விலைக்கும் உச்சவரம்பு உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் இதைக் கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டுக்கு அப்போது ஜி.எஸ்.டி. நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்கு முன் அதே மூட்டு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. இந்த வரம்பு மூட்டுக்கு மட்டும்தான். அறை வாடகை, டாக்டர் கட்டணம், ரோபோ கட்டணத்துக்கு வரம்பு இல்லை. அதனால் பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மூட்டின் நிறுவனப் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டால் அது உதவும்.

கணக்கில் வராத இன்னொரு செலவு பிசியோதெரபி. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் இருந்து திருவனந்தபுரம் போய் ஆபரேஷன் செய்துகொண்டால், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு எங்கே போவது? கூட யார் வருவார்கள்? எத்தனை நாள் கூலி போகும்? பயிற்சி செய்யாத முழங்கால் மடங்காமல் விறைத்துவிடும். அப்போது துளையா, திறந்ததா என்ற கேள்விக்கே அர்த்தம் இருக்காது.

ஆபரேஷனுக்கு முன் என்ன செய்து பார்க்கலாம்?

தேய்மானம் ஆரம்ப, நடுத்தர நிலையில் இருந்தால் முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில விநாடிகள் நிறுத்துவது போன்ற எளிய பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது என்று ஆய்வு சொல்கிறது. தரையில் குத்தவைப்பதைக் குறைத்து, கழிப்பறையில் உயரமான இருக்கை வைத்தாலே பலருக்கு நடமாட்டம் லேசாகும்.

வலி குறைய வேண்டும் என்று, என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத பொடியையோ மாத்திரையையோ மாதக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சர்க்கரை ஏறும். இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே நொறுங்கலாம். அளவு மீறிய மதுவும் இதையே செய்யும். 30, 40 வயதில் இடுப்பு மூட்டு மாற்றும் நிலைக்குச் சிலர் வருவது இப்படித்தான்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எனக்கு இருப்பது கிழிசலா, தேய்மானமா, இரண்டுமா?
2. வலிக்குக் காரணம் ஸ்கேனில் தெரியும் அந்தக் கிழிசல்தான் என்று எப்படித் தெரியும்?
3. மூன்று மாதம் பயிற்சி மட்டும் செய்து பார்த்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?
4. துளை போட்டு உள்ளே என்ன செய்யப் போகிறீர்கள்? ('கழுவி சுத்தம் செய்வோம்' என்பது மட்டுமே பதில் என்றால், இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேளுங்கள்.)
5. இதே ஆபரேஷனை நீங்கள் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள்?
6. முதல் இரவு கால் மரத்தாலோ வலி கூடினாலோ யார் வந்து பார்ப்பார்கள்?
7. நான் செய்யும் வேலைக்கு எப்போது திரும்பலாம்? திரும்பவே முடியாத வேலை எது?

கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. மூட்டு மாற்றிய பிறகு நடக்கலாம், படி ஏறலாம், பஸ்ஸில் போகலாம். பனை ஏறுவதும், மணிக்கணக்கில் குத்தவைத்து உட்காருவதும், தலைச்சுமையோடு சரிவில் இறங்குவதும் நடக்காது. ரப்பர் வெட்டுபவருக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும், தழும்பு எவ்வளவு நீளம் என்பதைவிட, எந்த வேலையை வைத்துப் பிழைக்கப் போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. அதற்குப் பதில் கிடைத்த பிறகு ஆபரேஷன் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.